ஆர்.எக்ஸ். 100-க்குப் பின் டயர் மாத்தப் போறீங்களா? தடிமனைப் பார்க்காதீங்க, தேதியைப் பாருங்க!

திருச்சி:
மாலை 6 மணி. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து காவிரிப் பாலத்தில் ஏறுகிறது ஒரு யமஹா ஆர்.எக்ஸ். 100 மோட்டார் சைக்கிள். அதன் சத்தம் மாம்பழச் சாலை வரை கேட்கும் போலிருக்கிறது. நடந்து போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். ஓட்டுகிறவருக்கும் அதில் ஒரு பெருமை!

ஆனால், பின்னால் சைக்கிளில் வருகிறவர் கண்ணுக்கு வேறொன்று படுகிறது. பின் டயர் மொட்டை!

வெயில் காலத்தில் எப்படியோ தப்பித்துக் கொள்ளலாம். ஐப்பசி அடைமழை பிடித்துக் கொண்டால்? பாலத்தின் இணைப்புகளில் குறுக்கே கிடக்கும் இரும்பில் தண்ணீர் பட்டு, அங்கே காலால் பிரேக்கை அழுத்தினால், வண்டியின் பின்பக்கம் ஒரு பக்கமாக இழுத்துக் கொண்டு போகும். பின் சீட்டில் அம்மாவோ தங்கச்சியோ உட்கார்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்த வண்டி 1985-ல் வந்தது. 98 சி.சி., 11 குதிரை சக்தி, டூ ஸ்ட்ரோக் என்ஜின். 1996-ல் உற்பத்தி நின்றது. கடைசியாக வந்த வண்டிக்கே வயது 30-ஐ எட்டுகிறது. அப்பா ஆபீசுக்கு ஓட்டியதை இன்று மகன் ஓட்டுகிறான். பெயின்டுக்கும் சைலன்சருக்கும் ஆயிரம் ஆயிரமாகச் செலவழிக்கிறான். டயர் என்றால் மட்டும் கை பையைத் தேடுவதில்லை!

"மூணு இஞ்ச் போடுங்கண்ணே!"

டயர்க் கடையில் வழக்கமாக நடக்கும் பேச்சு இது.

"அண்ணே, பின்னாடி மூணு இஞ்ச் போட்டுடுங்க. பார்க்க ஜம்முனு இருக்கணும்."

"தம்பி, கம்பெனி குடுத்தது ரெண்டே முக்கால்தான்."

"எல்லாரும் போடுறாங்கண்ணே!"

எல்லாரும் போடுவது உண்மைதான். ஆர்.எக்ஸ். 100-ன் பின் டயர் அளவு 2.75-18. அகலம் இரண்டே முக்கால் இஞ்ச், ரிம்மின் குறுக்களவு 18 இஞ்ச். இதற்குப் பதில் 3.00-18 போட்டால் அகலம் 6 மில்லிமீட்டர் கூடும். டயர் உயரமும் கூடுவதால் சக்கரத்தின் குறுக்களவு 12, 13 மில்லிமீட்டர் பெருக்கும்.

டயர் ஏறும், வண்டியும் ஓடும். ஆனால் செயினுக்கும் டயருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி குறையும். வயதான வண்டியில் புஷ் தேய்ந்து சக்கரம் கொஞ்சம் கோணியிருந்தால், உரசத் தொடங்கிவிடும். சக்கரம் பெரிதானால் இழுவையும் ஒரு பிடி மந்தமாகும். ஆர்.எக்ஸ். 100-ஐ வாங்குவதே அந்தப் 'பிக்-அப்'புக்காக! அதையே விட்டுக் கொடுத்து அழகு வாங்குவது என்ன கணக்கோ?

இன்னும் சிலர் 3.50 கேட்கிறார்கள். அது 1983-ல் வந்த ராஜ்தூத் 350-ன் பின் டயர் அளவு. அந்த வண்டிக்கு இரட்டை சிலிண்டர், பாரமும் அதிகம். அண்ணன் சட்டையைத் தம்பி போட்ட கதைதான்.

காந்தி மார்க்கெட் மூட்டை

அளவுக்குப் பக்கத்தில் 42P, 48P என்று ஏதாவது இருக்கும். பெரும்பாலானோர் இதைப் பார்ப்பதே இல்லை. 42 என்றால் அந்த டயர் 150 கிலோ வரை தாங்கும். 48 என்றால் 180 கிலோ. P என்பது மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரைக்குமான எழுத்து.

ஒரே 2.75-18 அளவில் இரண்டு விதமும் வரும். காந்தி மார்க்கெட்டிலிருந்து வெங்காய மூட்டையும் ஆளுமாக ஸ்ரீரங்கம் திரும்புகிறவர்கள், பின் சக்கரத்துக்கு 48-ஐக் கேட்டு வாங்க வேண்டும்.

நாலு எண் ரகசியம்

எல்லாவற்றையும் விட முக்கியம் தேதி. டயரின் ஓரத்தில் சின்ன வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். உதாரணத்துக்கு 3524 என்றால், 2024-ம் ஆண்டின் 35-வது வாரம் செய்தது, அதாவது ஆகஸ்ட் கடைசி. மூன்று எண் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்திய சரக்கு. தொடவே வேண்டாம்!

பழைய வண்டிப் பிரியர்களிடம் ஒரு பைத்தியம் உண்டு. "அந்தக் காலத்து ஒரிஜினல், பிரிக்கவே இல்லை" என்றால் எதையும் வாங்கிவிடுவார்கள். இண்டிகேட்டர் கண்ணாடிக்கு அது சரி. ரப்பருக்குச் சரியில்லை. ஓடாமல் தொங்கினாலும் ரப்பர் இறுகும், ஓரம் வெடிக்கும். திருச்சி வெயிலைப் பற்றித் திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டன் புத்தம் புதுசாகத் தெரியும், ஈரத்தில் மட்டும் பிடிக்காது.

புதுச் சரக்கு கேட்கக் கூச்சமும் வேண்டாம். ஸ்பிளெண்டருக்கும் பல வருஷம் இதே அளவுதான் வந்தது. அதனால் எல்லாக் கடையிலும் கிடைக்கும். சென்னை ரோட்டில் பெரம்பலூர் மாவட்டம் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எப். தொழிற்சாலை. மதுரை ரோட்டில் போனால் வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா. இரண்டு டயர் கம்பெனிகளுக்கு நடுவில் உட்கார்ந்து கொண்டு ஐந்து வருஷப் பழசை வாங்குவானேன்?

எப்போது மாற்றுவது?

மத்திய மோட்டார் வாகன விதிப்படி இரண்டு சக்கர வண்டி டயரில் பட்டன் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது இதுவும் பார்வைக்கு வரும். ஆனால் அதுவரை காத்திருக்கக் கூடாது. நடுப்பகுதி சப்பையாகி, வளைவில் சாய்க்கும்போது வண்டி 'தடக்' என்று விழுவது போலிருந்தால், அன்றைக்கே கடைக்குப் போய்விட வேண்டும்.

கம்பி ரிம் என்பதால் உள்ளே டியூப் கட்டாயம். பழைய டியூபையே திணிக்கச் சொல்லி மிச்சம் பிடிக்கிறவர்கள், அடுத்த வாரம் பஞ்சர் கடையில் நிற்பார்கள். டியூபோடு ரிம் டேப்பையும் மாற்ற வேண்டும். டயர் ஓரத்து அம்புக்குறி, சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையில் இருக்கிறதா என்று நின்று பார்க்க வேண்டும்.

சக்கரத்தை மாட்டியதும் செயின் தொய்வு, இரண்டு பக்கத்துக் கோடுகளும் ஒரே அளவில் நிற்பது, ஆக்சில் நட்டு, பிரேக் தட்டைப் பிடிக்கும் டார்க் ராடு, இத்தனையும் பார்த்த பிறகே காசு கொடுப்பது நல்லது. அந்த ராடை மாட்ட மறந்தால் முதல் பிரேக்கிலேயே தட்டு சுழன்று சக்கரம் இறுகிவிடும்.

புது டயரின் மேல் ஒரு வழவழப்பு இருக்கும். அது போக 150 கிலோமீட்டர் ஓட வேண்டும். அதுவரை சாய்ப்பதும் சடன் பிரேக்கும் கூடாது. சத்திரத்திலிருந்து சமயபுரம் போய் வர ஏறக்குறைய 25, 30 கிலோமீட்டர். ஐந்தாறு வெள்ளிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு மெதுவாகப் போய் வந்தால் கணக்கு சரியாகிவிடும்.