அம்பின் பாதை – 9: கவசத்தின் முன்னால்

அமெரிக்காவில் வேட்டை வில்லுக்கு மறுவாழ்வு தந்தவர்களில் ஒருவர் சாக்ஸ்டன் போப். தொழிலால் அறுவை மருத்துவர். ஊசிமுனை அம்பு சங்கிலிக் கவசத்தைத் துளைக்குமா என்று பார்க்க, அருங்காட்சியகத்திலிருந்து 15ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் கவசம் ஒன்றை இரவல் வாங்கினார். தானே அதைப் போட்டுக்கொண்டு நிற்பதாகச் சொன்னார் அங்கிருந்த ஊழியர் ஒருவர். நல்லவேளை, போப் சம்மதிக்கவில்லை. சாக்குத்துணி சுற்றிய மரப்பெட்டிக்கு அதை மாட்டி, ஏழு கஜ தூரத்திலிருந்து எய்தார். தீப்பொறி பறக்க வளையங்களைக் கிழித்த அம்பு, ஓர் அங்குல மரத்தையும் துளைத்து, மறுபக்கக் கவசத்தைப் புடைக்கவைத்தது. ஊழியரின் முகம் வெளிறிவிட்டதாக 1923இல் வெளிவந்த தன் புத்தகத்தில் போப் எழுதியிருக்கிறார்.

சுவையான கதைதான். சோதனையாகப் பார்த்தால் ஓட்டைகள் உண்டு. எதிரி ஏழு கஜத்துக்கு வந்துவிட்டால் வில்லாளியின் கை வாளைத்தான் தேடும். ஆணியடித்ததுபோல் நிற்கும் பெட்டியும் அடிபட்டால் பின்னால் சாயும் மனித உடலும் ஒன்றல்ல. சங்கிலிக்கு அடியில் வீரர்கள் அணிந்த, பஞ்சு திணித்துத் தைத்த தடித்த அங்கிக்கு வெறும் சாக்குத்துணி ஈடாகாது.

இந்த விஷயத்தில் இங்கிலாந்தின் சிறுவன் அரசன் ஆறாம் எட்வர்டு இன்னும் உஷார். 1550களின் தொடக்கத்தில் தன் காவல்படை வில்லாளிகள் நூறு பேரை ஓர் அங்குலப் பலகை மீது எய்யச் சொன்னான். சில அம்புகள் அதை ஊடுருவிப் பின்னாலிருந்த பலகையிலும் குத்தி நின்றன. பலகை நன்றாக உலர்ந்த மரம் என்பதையும் நாட்குறிப்பில் எழுதிவைத்தான். இலக்கு எதனால் ஆனது என்று சொல்லாத சோதனையை எப்படி நம்புவது?

வில்லின் பலம் எவ்வளவு என்பதே நெடுங்காலம் ஊகமாக இருந்தது. 1545இல் மூழ்கிய 'மேரி ரோஸ்' போர்க்கப்பலிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட வில்கள் கிடைத்த பிறகுதான், பலவற்றின் இழுவிசை 100 பவுண்டைத் தாண்டியிருக்கும் என்று தெளிவானது. இன்றைய ஒலிம்பிக் வில் 50 பவுண்டை எட்டுவதே அதிகம்.

அந்தக் கணக்கை மனதில் வைத்து, 2019இல் ஆயுதக் கைவினைஞர் டாட் டோடெஸ்கினி பிரிட்டனில் ஒரு குழுவைச் சேர்த்தார். வில்லாளி ஜோ கிப்ஸ். வில் 160 பவுண்டு. கவச வரலாற்றறிஞர் டோபியாஸ் கேப்வெல் உடனிருந்தார். 1415ஆம் ஆண்டு ஆஜின்கோர்ட் போர்க்காலத்து மாதிரியில் மார்புக் கவசம் புதிதாக அடித்துச் செய்யப்பட்டது. சுமார் 80 கிராம் எடையுள்ள அம்புகள் வினாடிக்கு 50 மீட்டருக்கு மேல் பாய்ந்தன.

மார்புத் தகடு ஓட்டையாகவில்லை. கவசத்தின் நடுப்பகுதி எஃகு சுமார் இரண்டரை மில்லிமீட்டர் கனம்; வளைந்த வடிவம் வேறு. மோதிய அம்புகள் சறுக்கின அல்லது சிதறின. தகட்டுக்குக் கீழே சங்கிலிக் கவசத்தில் பட்டதோ உள்ளே இறங்கியது.

குழுவினரை யோசிக்கவைத்தது அந்தச் சிதறல்தான். உடைந்த துண்டுகள் தகட்டின் வளைவைப் பற்றியபடி மேலேறித் தொண்டையை நோக்கிப் பாய்ந்தன. அக்காலத்துக் கவசங்கள் பலவற்றில் கழுத்துக்குக் கீழே 'வி' வடிவத்தில் ஒரு வரம்பு பொருத்தப்பட்டிருக்கும். அதை வைத்துச் சோதித்தபோது, துண்டுகள் அதில் முட்டி இருபக்கமும் விலகிப் போயின.

(தொடரும்)