சாத்விகத் தியாகமும் திருப்படி தானமும்

நிர்வாகப் பயிற்சி நூல்களிலும் தன்முன்னேற்றப் பயிலரங்குகளிலும் ஸ்ரீகீதை இக்காலத்தில் பெரிதும் எடுத்தாளப்படுகிறது. பலனைப் பற்றிய கவலையை விட்டால் கவனம் சிதறாது, கவனம் சிதறாவிடில் பலன் மிகும் என்பதே அங்குப் பெரும்பாலும் சொல்லப்படும் பொருள். இது பயனற்ற உபதேசம் அன்று. ஆயினும் இங்குத் தியாகமே பலனுக்கு உபாயமாகிவிடுகிறது. வாசல் வழியே வெளியேற்றிய பலன் கொல்லைப்புறமாக உள்ளே புகுகிறது. ஆதலால் பாஷ்யம் காட்டும் பொருளை ஆராய்தல் தகும்.

பதினெட்டாம் அத்தியாயத்தில் எம்பெருமானார் தியாகத்தை மூன்றாக வகுத்தருளுகிறார். பலன் எனக்கு வேண்டா என்பது பலத்தியாகம். இக்கர்மம் என்னுடையது என்னும் எண்ணத்தை விடுதல் மமதாத்தியாகம். நானே ஸ்வதந்த்ரமாகச் செய்கிறேன் என்னும் அபிமானத்தை ஒழித்து, ஸர்வேச்வரனே செய்விக்கிறான் என்று தெளிதல் கர்த்ருத்வத்தியாகம். இம்மூன்றும் கூடியதே சாத்விகத் தியாகம். செய்ய வேண்டிய தொழிலை மயக்கத்தால் கைவிடுவது தாமஸம். உடல் வருத்தத்துக்கு அஞ்சிக் கைவிடுவது ராஜஸம். எனவே தொழிலை விடுதல் தியாகம் ஆகாது. பயிலரங்குகள் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகின்றன.

இங்கு ஓர் ஆக்ஷேபம் எழும். செய்விப்பவன் ஈச்வரன் எனில், பிழைக்குப் பொறுப்பாளி யார்? உடல், ஜீவன், இந்த்ரியங்கள், ப்ராணன், பரமாத்மா என ஐந்தும் கூடியே ஒரு செயல் நிகழ்கிறது என்று கீதை கூறுகிறது. இவ்விடத்தில் பாஷ்யகாரர் ஓர் எளிய த்ருஷ்டாந்தம் அருளிச்செய்கிறார். பெரும் பாறையையோ மரத்தையோ பலர் கூடி நகர்த்துகின்றனர். ஒருவனால் மட்டும் அது நகர்வதில்லை; ஆயினும் அவர்கள் ஒவ்வொருவரும் காரணர், ஒவ்வொருவரும் விதிநிஷேதங்களுக்கு உட்பட்டவர். ஆகவே கர்த்ருத்வத்தியாகம் பெருமையை நீக்குகிறதே அன்றிப் பொறுப்பை நீக்குவதில்லை. வெற்றியில் ‘நான்’ என்றும் தோல்வியில் ‘தெய்வம்’ என்றும் சொல்பவன் இதனைத் தலைகீழாகக் கொண்டவன்.

மமதாத்தியாகத்துக்குத் தென்னாட்டுச் சரித்திரத்தில் ஓர் உதாரணம் உண்டு. நாஞ்சில் நாட்டையும் உள்ளடக்கிய திருவிதாங்கூரைப் பத்மநாபபுரத்திலிருந்து ஆண்ட மார்த்தாண்டவர்மா, கொல்லம் ஆண்டு 925 மகர மாதத்தில், அதாவது 1750 ஜனவரியில், ராஜ்யம் முழுவதையும் ஸ்ரீபத்மநாபஸ்வாமிக்குச் ஸமர்ப்பித்தார். உடைவாளைத் திருவடிப் படியில் வைத்து, பத்மநாபதாஸன் என்ற பெயருடன் அதனைத் திரும்பப் பெற்றார். இதுவே திருப்படி தானம். வாளைத் திரும்பப் பெற்றார் என்பதே இதில் கருதத்தக்கது. அரசு நடத்தும் தொழில் விடப்படவில்லை. ‘எனது’ என்பதே விடப்பட்டது.

அரசை எதிர்ப்பது தெய்வத்தை எதிர்ப்பது என்றாக்கி அதிகாரத்தை உறுதிப்படுத்தவே இது செய்யப்பட்டது என்று கூறும் சரித்திர ஆசிரியர்களும் உளர். அக்கூற்றைத் தள்ளிவிடலாகாது. உள்ளக்கருத்தை அறிபவன் அந்தர்யாமி ஒருவனே. பிறர் காணத்தக்க அடையாளம் ஒன்றுதான்: தன்னுடையது அன்று என்றவன் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன். 2020 ஜூலை 13இல் உச்ச நீதிமன்றம் அத்திருக்கோயிலின் நிர்வாகத்தில் அரச குடும்பத்தின் உரிமையை ஏற்றது. அவ்வுரிமை சொத்துடைமை அன்று, தெய்வத்தின் உடைமையைப் பேணும் உரிமையே. நிர்வாகக் குழுவை அமைத்து, 25 ஆண்டுக் கணக்குகளின் தணிக்கைக்கும் அத்தீர்ப்பு வழிசெய்தது. தாஸன் என்ற பெயருக்கு உலகியலில் பொருந்தும் உரைகல் இதுவே.

மற்றொன்றும் இங்குச் சொல்லத்தக்கது. ஊழியரிடம் ‘பலனை எதிர்பாராதே’ என்று உபதேசித்து, உழைப்புக்குரிய ஊதியத்தைக் குறைக்கும் முதலாளிக்குக் கீதை துணையாகாது. தியாகம் ஒருவன் தன்னுடையதைத் தானே விடுவது. பிறனுக்குரியதை விடச் சொல்லித் தான் வைத்துக்கொள்வது மமதையின் முற்றிய நிலை. முதலில் விட வேண்டியவன் மேலிருப்பவனே. வாளைப் படியில் வைத்தவர் அரசரே அன்றிக் குடிகள் அல்லர்.

நம்மாழ்வாரின் திருத்தாயார் உடையநங்கையார் அவதரித்த திவ்யதேசம் நாஞ்சில் நாட்டுத் திருவண்பரிசாரம். அவ்வாழ்வார் திருவாய்மொழி முதற்பத்தின் இரண்டாம் பதிகத்திலேயே அஹங்கார மமகாரங்களை வேரோடு களைந்து இறைவனைச் சேருமாறு உபதேசிக்கிறார். களைதலுக்குப் பலன் அங்கே கைங்கர்யம். செல்வமோ பதவியோ அன்று. நிர்வாகம் செய்பவன் இவ்வுபதேசத்தைக் கைக்கொண்டால் அவன் தொழில் செம்மையுறக் கூடும். ஆயினும் அச்செம்மைக்காகவே இதனைக் கைக்கொள்வானாயின், வைத்த வாளினின்றும் அவன் கை இன்னும் எடுபடவில்லை என்றே கொள்ள வேண்டும்.