பலூனில் தொங்கும் பெட்டிக்கு எத்தனை மூளை?

கேமரன் மலையின் கியா பார்ம் சந்தை ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஈப்போவிலிருந்து ஏறி வருபவர்கள் வண்டியை விட்டு இறங்கியதும் குளிராடையைத் தேடுவார்கள். ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். இதே கணக்கில் போனால், நம் வெப்பமண்டல வானில் 17 கிலோமீட்டர் உயரத்தில் குளிர் மைனஸ் 80 டிகிரியைத் தொடும். ஆய்வு பலூன்கள் அதையும் தாண்டி 30 கிலோமீட்டருக்கு மேல் கருவிகளைத் தூக்கிச் செல்கின்றன.

டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஐதராபாத்தில் 1969 முதல் இதற்கென ஒரு நிலையத்தை நடத்தி வருகிறது. பாலிஎத்திலீன் பலூன்களையும் அங்கேயே தயாரிக்கிறார்கள். பெரும்பாலோர் பலூனின் பிரம்மாண்டத்தைத்தான் வியப்பார்கள். எனக்கென்னவோ அடியில் தொங்கும் பெட்டிதான் சுவாரஸ்யம்.

அந்தப் பெட்டியின் எல்லா வேலையையும் ஒரே கணினிப் பலகையில் ஏற்றிவிடலாம். எடையும் குறையும், செலவும் குறையும். ஆனால் மேலே போகப் போகத் தொல்லை ஒவ்வொரு உயரத்திலும் வேறு உருவில் வருகிறது. குளிரில் பேட்டரி சோர்ந்துவிடும். சில ஜிபிஎஸ் கருவிகள் 18 கிலோமீட்டரைத் தாண்டியதும் ஊமையாகிவிடும். ஏவுகணைக்குப் பயன்படக்கூடாது என்று விதித்த கட்டுப்பாடு அது. 30 கிலோமீட்டரில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் சுமார் நூறில் ஒரு பங்குதான். வெப்பத்தை ஏந்திச் செல்லக் காற்று போதாது. வெளியே கடுங்குளிர் இருந்தும் உள்ளே செயலி சூடேறித் தவிக்கும். உயர் மின்னழுத்தக் கம்பிகளில் பொறி பறக்கவும் வாய்ப்புண்டு.

அதனால்தான் மின்சாரம், இருப்பிடம், வானொலித் தொடர்பு, அறிவியல் கருவி என்று ஒவ்வொன்றையும் தனி அலகாகப் பிரிக்கிறார்கள். ஜிபிஎஸ் சரியில்லையா, அதை மட்டும் கழற்றி மாற்றலாம். மற்றவற்றை மறுபடி சோதிக்கும் வேலை பெரிதும் மிச்சம்.

இவற்றில் மிக முக்கியமானது, மிகக் குறைந்த அறிவுள்ள அலகு: பலூனிலிருந்து பெட்டியை அறுத்துவிடும் கருவி. அதற்குத் தனி பேட்டரி, தனிக் கடிகாரம். தரையிலிருந்து கட்டளை வராவிட்டாலும், மற்ற அலகுகள் செத்துக் கிடந்தாலும், குறித்த நேரத்தில் அது அறுத்தாக வேண்டும்; பிறகு பாராசூட் பார்த்துக்கொள்ளும். அந்த அலகில் புதுமை காட்ட நினைப்பவரை அணியில் சேர்க்காமல் இருப்பது நல்லது.

பிற அலகுகளில் துணிந்து சோதிக்கலாம். சிறு பலூன்களைப் பறக்கவிட்டுப் பழகிய பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம், மலிவான ராஸ்பெரி பை கணினியை வைத்து ஸ்டார்பெரிசென்ஸ் என்ற விண்மீன் உணரியைச் செய்தது. விண்கலம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை விண்மீன்களை வைத்துச் சொல்லும் கருவி அது. 2023 ஏப்ரல் 22 அன்று பிஎஸ்எல்வி-சி55 ராக்கெட் அதை ஏற்றிச் சென்றது. செயற்கைக்கோள்களை இறக்கிவிட்டபின் எஞ்சும் ராக்கெட்டின் நான்காம் அடுக்குதான் அதற்குச் சோதனை மேடையானது.