ஒரு மாடி ஏறும் பெட்டி

ஐரோப்பாச் சுற்றுலாவுக்குக் கிளம்பும் வீடுகளில் பேச்சு பெரும்பாலும் கிலோ கணக்கில் நடக்கிறது. விமானத்தில் 30 கிலோ அனுமதி என்றால், தராசு முள் அதைத் தொடும்வரை பெட்டியை மூட மனம் வருவதில்லை. அந்த 30 கிலோவைத் தூக்க ஒப்புக்கொண்டது விமானம். இறங்கிய பிறகு தூக்கப்போவது நாம். அங்கே ரயில் நிலையங்களில் போர்ட்டர் கிடைப்பது அரிது. வெனிஸ் நகருக்குள் கார் நுழையாது. 400க்கும் மேற்பட்ட பாலங்களில் பெரும்பாலானவற்றுக்கு இருபுறமும் படிகள். பாரிஸ் மெட்ரோவின் தடங்களில் 14ஆம் தடம் ஒன்றில்தான் எல்லா நிலையங்களிலும் படியேறாமல் போய்வர முடியும். பிராக், ரோம் போன்ற ஊர்களின் கல் பாவிய தெருக்கள் பெட்டியின் சக்கரத்தைப் பதம் பார்த்துவிடும். ஆகவே எடுத்துப்போகும் எடைக்கு அளவுகோல் விமான டிக்கெட்டில் இல்லை, நம் வீட்டு மாடிப்படியில் இருக்கிறது. நிரப்பிய பெட்டியோடு யார் உதவியும் இல்லாமல் ஒரு மாடி ஏறிப் பார்க்கலாம். பலருக்கும் எட்டு, பத்து கிலோவிலேயே மூச்சு வாங்கும்.

குளிருக்கு என்ன செய்வது என்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் தடித்த கோட்டு அதற்கு விடையல்ல. ஜூலையில் ரோமில் 35 டிகிரி வெயில் அடிக்கும். அதே பயணத்தில் சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராயோக்குக்குப் போனால், 3,454 மீட்டர் உயரத்தில் பனி கிடக்கும். உள்ளே ஒரு தெர்மல், மேலே ஸ்வெட்டர், அதன்மேல் மழை புகாத மெல்லிய ஜாக்கெட் என்று அடுக்கிப் போட்டால், இடையில் நிற்கும் காற்றே சூட்டைக் காக்கும்; வெயில் ஏறினால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். பத்து நாளுக்குப் பத்து ஜோடி என்ற கணக்கும் தேவையில்லை. காசு போட்டு நாமே துவைத்துக்கொள்ளும் கடைகள் நகரங்களில் இருக்கின்றன. நான்கு ஜோடி போதும். ஜீன்ஸ் காய ஒரு நாளுக்கு மேல் எடுக்கும், ஒன்றோடு நிறுத்துவது நல்லது. டர்க்கி டவலுக்குப் பதில் நம் ஈரிழைத் துண்டு இரவுக்குள் காய்ந்துவிடும். வத்திக்கானின் புனித பேதுரு பேராலயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பதால், கையில்லாச் சட்டைக்காரர்களுக்கு ஒரு துப்பட்டா உதவும்.

அடுத்த ஆட்சேபம் சாப்பாடு. பாதிப் பெட்டியை அடைத்துக்கொள்வது அதுதான். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பயணிகள் பால், இறைச்சிப் பொருள்களைக் கொண்டுவர அனுமதியில்லை. நெய்யும் பால்கோவாவும் இங்கேயே நின்றுவிடும். பச்சைக் காய், பழம், இலைகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, அன்னாசி, டூரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. தேங்காய் போகலாம், கறிவேப்பிலை போகக் கூடாது என்று ஒரு சட்டம் இருப்பது நம் சமையலறைக்கு வேடிக்கைதான்! புளிக்காய்ச்சலும் ஊறுகாயும் கைப்பையில் இருந்தால், பல விமான நிலையங்களில் 100 மில்லி விதிக்குள் மாட்டும். பருப்புப்பொடிக்கு அந்தத் தொல்லை இல்லை. அரிசியும் தயிரும் அங்கே சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும் என்பதால், ஒரு நாள் பசிக்குக் கையில் ஏதாவது இருப்பது அவசியம். மொத்தப் பயணத்துக்கும் சுமக்க அவசியமில்லை.

வயதானவர்களோடு போனால் இதெல்லாம் நடக்குமா? பெட்டி சின்னதாக இருக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்குத்தான் அதிகம். ஒரே விதிவிலக்கு மருந்து. பயண நாள்களுக்கு மேல் ஒரு வாரத்துக்கான மாத்திரை அட்டை பிரிக்காமல் கைப்பையில் இருக்கட்டும். மருந்தின் ஜெனரிக் பெயர் எழுதிய டாக்டர் சீட்டும் கூடவே வேண்டும். நம் ஊர் பிராண்டு பெயரைச் சொன்னால் அங்கே மருந்துக்கடைக்காரருக்குப் புரியாமல் போகலாம். மருந்துக்கு அடுத்து சார்ஜர். அங்கும் மின்சாரம் இங்கேபோல் 230 வோல்ட்தான். மெல்லிய இரண்டு பின் சார்ஜர் பெரும்பாலும் நேராகவே பொருந்தும், தடித்த மூன்று பின்னுக்கு அடாப்டர் தேவை.

எடையே இல்லாத சாமான் ஒன்று உண்டு, காகிதம். கவனம் குவிய வேண்டியது அதில். 29 நாடுகளுக்குச் செல்லும் ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாளில் முடியாது. 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும், திரும்பும் தேதிக்கு மேல் மூன்று மாதம் செல்லும் பாஸ்போர்ட்டும் தேவை. பிரிட்டனும் அயர்லாந்தும் இதில் சேராது.

வாங்கிவரும் பொருள்களுக்கு இடம்? மடித்து வைக்கும் துணிப்பை ஒன்று போதும். சாக்லேட்டைக் கடைசி ஊரில் வாங்கினால், அதைத் தூக்க வேண்டிய தூரம் விமான நிலையம் வரைதான்.