பப்பாளி, அந்துப்பூச்சி, கோழி

உங்கள் வீட்டுக் கொல்லையில் பப்பாளி மரம் நிற்கிறதா? நாலைந்து கோழிகள் மேய்கின்றனவா? இரவில் விளக்கைச் சுற்றி அந்துப்பூச்சிகள் பறக்கின்றனவா? அப்படியானால் மூன்று நல்ல பொழுதுபோக்குகள் உங்களுக்குச் செலவில்லாமலே கிடைத்திருக்கின்றன. ஆனால் இவை மூன்றும் தனித்தனியானவை அல்ல. ஒன்றில் கை வைத்தால் மற்ற இரண்டும் அசையும். எப்படி என்று பார்ப்போமா?

பூவின் ஏமாற்று வித்தை

பப்பாளியின் தாயகம் அமெரிக்காவின் வெப்பப் பகுதிகள். கோயமுத்தூரில் உருவான கோ-2 போன்ற ரகங்களில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரத்தில் நீண்ட காம்புகளில் சிறு பூக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். பெண் மரத்தில் தடித்த பூக்கள் தண்டை ஒட்டி உட்கார்ந்திருக்கும். ஆண் பூவில் தேன் உண்டு. பெண் பூவில் இல்லை. தேன் இல்லாத பூவுக்குப் பூச்சி ஏன் வருகிறது?

கலிபோர்னியாவில் பணியாற்றிய தாவரவியல் அறிஞர் ஹெர்பர்ட் பேக்கர் 1976-ஆம் ஆண்டில் இதற்கு விடை கூறினார். பூச்சி தவறுதலாக வருகிறது என்பதே அந்த விடை! அந்தி சாய்ந்ததும் பருந்து அந்துப்பூச்சிகள் கிளம்புகின்றன. இவை பூவின் மேல் உட்காராமல், அந்தரத்தில் நின்றபடியே நீண்ட உறிஞ்சுகுழலை நீட்டித் தேன் குடிப்பவை. ஆண் பூக்களில் குடிக்கும்போது மகரந்தம் ஒட்டிக்கொள்கிறது. அரையிருட்டில் பெண் பூவையும் அப்படியே எண்ணி நெருங்கி, ஏமாந்து விலகுகின்றன. அந்தக் கணநேரமே பப்பாளிக்குப் போதும்.

வெள்ளைத் துணியில் விருந்தாளிகள்

இந்த விருந்தாளிகளைக் காண ஒரு வெள்ளை வேட்டியும் ஒரு விளக்கும் போதும். நிலவில்லாத இரவில் வேட்டியைக் கொடியில் தொங்கவிட்டு, அதன் மேல் ஒளி விழச் செய்யுங்கள். வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் குமிழ்போல் தடித்திருக்கும். அந்துப்பூச்சிக்கோ அது நூல்போலவோ இறகுபோலவோ இருக்கும். வந்தவற்றின் நிறம், அளவு, வந்த நேரம் இவற்றைக் குறித்து வையுங்கள்.

பூச்சிகள் விளக்கை ஏன் சுற்றுகின்றன? வேகமாகப் படம் பிடிக்கும் காமிராக்களைக் கொண்டு நடத்தி, 2024-இல் வெளியிட்ட ஆய்வொன்று ஒரு காரணத்தைக் காட்டியது. வானம் ஒளியுள்ள பக்கம். ஆகவே முதுகை ஒளியின் பக்கம் வைத்துப் பறப்பது பூச்சியின் இயல்பு. விளக்கு அருகில் வந்ததும் அதையே மேற்பக்கம் என்று கொண்டு உடலைச் சாய்க்கிறது, பாதை வளைந்துபோகிறது, வெளியேற முடியாமல் சுழல்கிறது. விளக்கில் சிக்கிய பூச்சி பப்பாளிப் பூவுக்குப் போகாது அல்லவா? ஆகவே ஒரு மணி நேரம் பார்த்ததும் விளக்கை அணைத்துவிடுங்கள்.

கிளறும் கால்கள்

கோழியின் மூதாதை காட்டுக்கோழி. காட்டுத் தரையில் சருகைக் கிளறி இரை தேடிய பழக்கம் நம் வீட்டுக் கோழியை இன்னும் விடவில்லை. பருந்து அந்துப்பூச்சிகள் பலவற்றின் புழுக்கள், வளர்ந்தபின் சருகிலோ மண்ணிலோ இறங்கிக் கூட்டுப்புழுவாகின்றன. இது பயிரைத் தின்னும் பூச்சி, இது மகரந்தம் சுமக்கும் பூச்சி என்ற வேறுபாடு கோழிக்குத் தெரியாது. ஆகவே சருகு நிறைந்த ஒரு மூலையை வேலி கட்டி ஒதுக்கிவிடுங்கள்.

கோழி எச்சம் தழைச்சத்து மிகுந்த உரம். ஆனால் அதைப் புதிதாகக் கொட்டினால் வேர் கருகும். சருகுடன் கலந்து சில மாதம் மக்கவிட்டுப் போடவேண்டும்.

நந்தியாவட்டை இலையைப் புழு தின்கிறதென்று பூச்சிமருந்து தெளிப்பவர்கள் உண்டு. அந்தப் புழுவே வளர்ந்து அந்துப்பூச்சியாகிறது. மருந்து பட்ட புழுவைக் கோழி கொத்தினால் மருந்து கோழியின் உடலுக்குள் போகும். சில மருந்துகள் முட்டைக்கும் போகும். முட்டையைத் தின்பவர் யார்? நாம்தானே!

நீங்களே சோதியுங்கள்

பெண் மரத்தில் மலரும் நிலையிலுள்ள நான்கு மொட்டுகளைத் தேர்ந்தெடுத்து மெல்லிய மல் துணியால் மூடுங்கள். இரண்டை மாலை முதல் விடியும்வரை மட்டும் திறந்து வையுங்கள். மற்ற இரண்டைப் பகலில் மட்டும் திறந்து வையுங்கள். பூ வாடும்வரை இப்படியே செய்து, எது காய்க்கிறது என்று பாருங்கள். பகலில் தேனீக்களும் பப்பாளிக்கு வருவதுண்டு. ஆகவே முடிவு கொல்லைக்குக் கொல்லை வேறுபடலாம். பப்பாளி சில வேளைகளில் மகரந்தம் சேராமலும் காய்க்கும். அப்படிப்பட்ட காயில் விதை இராது. எனவே காயை அறுத்து விதைகளை எண்ணாமல் முடிவு கட்டாதீர்கள். உங்கள் கொல்லையில் பப்பாளியைக் காய்க்கவைப்பது யார் என்பதற்கு உங்கள் குறிப்பேடுதான் பதில் சொல்லவேண்டும்.