கட்டிப்போடப்படும் பிள்ளைகள்



2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் நடந்ததை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மனநலம் பாதிக்கப்பட்டவர்களைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் இல்லத்தில் அதிகாலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 95-ம் பிரிவில், சங்கிலியால் கட்டுவதை எந்த வகையிலும் கூடாது என்று தடுத்துவிட்டது.

ஆனால் கட்டுவதற்குச் சங்கிலிதான் வேண்டும் என்பதில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளையைத் துணியால் நாற்காலியோடு கட்டுவதும், இரண்டு பேர் சேர்ந்து தரையில் அமுக்குவதும், தனியறையில் பூட்டுவதும் அதே காரியம்தான். கேட்டால், "இல்லாவிட்டால் அடங்க மாட்டான்" என்பார்கள்.

அது அடம் அல்ல. மிக்சி சத்தம், பள்ளி மணி, கூட்டம், பழகிய ஒழுங்கு திடீரென்று மாறுவது எல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தாங்க முடியாததாகிவிடும். பேச்சு வராத பிள்ளைக்குப் பல்வலியாகக்கூட இருக்கலாம், சொல்லத் தெரியாது. அப்போது போய் அமுக்கினால் பயந்து திமிறும். திமிறுவதைப் பார்த்து இன்னும் பலமாக அமுக்குவார்கள். குப்புறப் போட்டு முதுகில் அழுத்தினால் நெஞ்சு விரியாது, மூச்சு நின்றுவிடும். 2018 நவம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஆட்டிசம் உள்ள 13 வயது மாணவனைப் பள்ளி ஊழியர்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் இப்படிப் பிடித்து வைத்திருந்தார்கள். அவன் பிழைக்கவில்லை.

ரோட்டில் ஓடும் பிள்ளையின் கையை எட்டிப் பிடிப்பது வேறு. ஆபத்து நீங்கியதும் விட்டுவிடுகிறோம். மற்ற நேரங்களில் சத்தத்தைக் குறையுங்கள், வேடிக்கை பார்ப்பவர்களை விலக்குங்கள், கையில் எட்டும் கனமான பொருள்களை அகற்றுங்கள், அதிகம் பேசாமல் பக்கத்தில் இருங்கள். தானாக அடங்கும், நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

மனநல மருத்துவமனைகளிலும் இல்லங்களிலும்கூட, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடுதான் ஒருவரைப் பிடித்து நிறுத்தலாம் என்கிறது 97-ம் பிரிவு. தண்டனையாகச் செய்யக் கூடாது. ஆள் போதவில்லை என்பதும் காரணமாகாது. காரணத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். நோயாளியின் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

பள்ளிகளில் உடல் தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டம், 2009, தடுக்கிறது. மதரஸாக்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று நம் ஆட்கள் சிலர் நிம்மதி அடைய வேண்டாம். பொறுப்பில் உள்ள குழந்தையைத் தாக்குவதும் வதைப்பதும் 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி 3 ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம். ஓதிக்கொடுக்கும் உஸ்தாதும் இதில் அடக்கம்.

பிள்ளையைச் சேர்க்கும் முன் பள்ளியில் கேளுங்கள்: பிள்ளை கட்டுக்கடங்காமல் போனால் என்ன செய்வீர்கள்? யார் தொடுவார்கள்? அன்றைக்கே எங்களுக்குச் சொல்வீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். மணிக்கட்டிலோ கையிலோ தழும்பு தெரிந்தால் போட்டோ எடுத்துவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். புகாருக்கு 1098. மனு எழுத உதவி வேண்டுவோர் ஜும்ஆவுக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரலாம்.