தகட்டை அடித்து அழகை எடுத்தவர்கள்

1965 நவம்பரில் டூரின் மோட்டார் கண்காட்சிக்கு லம்போர்கினி நிறுவனம் கொண்டுவந்தது முழுக் கார் அல்ல. எடை குறைய ஏகப்பட்ட துளைகள் போட்ட ஒரு எஃகுச் சட்டம், நான்கு சக்கரங்கள், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் குறுக்குவாட்டில் வைத்த 12 சிலிண்டர் இன்ஜின். கதவு, கூரை, போனட் எதுவும் கிடையாது. சாலையில் ஓட்டும் காருக்கு அவ்வளவு பெரிய இன்ஜினை அந்த இடத்தில் வைப்பது அன்றைக்குப் பெரிய துணிச்சல். அதை வடிவமைத்த டல்லாரா, ஸ்டான்சானி என்ற இரு பொறியாளர்களுக்கும் அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

அந்தச் சட்டத்துக்கு உடல் கொடுக்கும் பொறுப்பை டூரினின் பெர்ட்டோனே நிறுவனம் ஏற்றது. வரைந்தவர் மார்ச்செல்லோ காந்தினி, வயது 27. நான்கே மாதத்தில், 1966 மார்ச்சில், ஜெனிவா கண்காட்சியில் முழுக் காராக வந்து நின்றது மியூரா. போர்க்காளைகளை வளர்த்த ஸ்பெயின் நாட்டுக் குடும்பத்தின் பெயர் அது. தரையிலிருந்து கூரை வரை ஒரு மீட்டரும் சில சென்டிமீட்டரும்தான் உயரம். மல்லாந்து கிடக்கும் ஹெட்லைட்டுகள்; அவற்றின் மேலும் கீழும் இமைமுடி வைத்ததுபோல் கறுப்புப் பட்டைகள். பின்பக்கம் இன்ஜின் சூடு வெளியேற, கண்ணாடிக்குப் பதில் கறுப்புச் சட்டங்கள் வரிசையாக. பழைய இத்தாலியக் கார்களின் ரசிகர்களிடம் எது அழகு என்று கேட்டால், பட்டியலில் மியூரா இல்லாமல் இருக்காது.

ஒரு நிறுவனம் இன்ஜினும் சட்டமும் செய்ய, இன்னொரு நிறுவனம் உடலைச் செய்வது நமக்குப் புதிதல்ல. சேசிஸை வாங்கிவந்து லாரிக்கு பாடி கட்டுவார்களே, அதேதான். இத்தாலியில் இந்த பாடி கட்டும் பட்டறைகளுக்கு ‘கரோட்செரியா’ என்று பெயர். டூரினில் பெர்ட்டோனே, பினின்ஃபரினா, கியா, வின்யாலே, மிலானில் சகாட்டோ, டூரிங், மோடெனாவில் ஸ்காலியெட்டி. பல பட்டறைகள் குதிரை வண்டிக் காலத்துக் கைத்தொழிலின் வாரிசுகள். ஒரே சட்டத்துக்கு ஆளுக்கொரு உடல் செய்து போட்டி போட்டார்கள். வாடிக்கையாளரை இழுக்க அழகு ஒன்றுதான் வழி. இத்தாலிய வடிவமைப்பின் ரகசியம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால், இந்தச் சில நகரங்களுக்குள் நடந்த போட்டியைத்தான் சொல்ல வேண்டும்.

வேலை நடந்த விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். மெல்லிய கம்பிகளை வளைத்துக் காரின் உருவத்தை முதலில் நிறுத்துவார்கள். பிறகு அலுமினியத் தகட்டை மணல் பையின் மேல் வைத்து, சுத்தியால் அடித்து அடித்துக் குழிப்பார்கள். கம்பிமேல் வைத்துப் பார்ப்பார்கள். பொருந்தவில்லையா, மறுபடி அடி. பல துண்டுகள் தயாரானதும் பற்றவைத்து, பற்று தெரியாமல் அரத்தால் ராவி எடுப்பார்கள். நம்மூர் டிங்கரிங் கடைக்காரர் நசுங்கிய கதவை நிமிர்த்துகிறார். அவர்கள் ஒன்றுமில்லாத தகட்டிலிருந்து முழுக் காரையே எடுத்தார்கள். கண்ணளவை நம்பிய வேலை என்பதால், அந்தக் காலக் கார்களை அளந்து பார்த்தால் இடப்பக்கமும் வலப்பக்கமும் சில மில்லிமீட்டர் வித்தியாசப்படுவது சாதாரணம்.

மிலானின் டூரிங் நிறுவனம் 1930களிலேயே இதில் ஒரு படி முன்னே போனது. சன்னமான எஃகுக் குழாய்களால் கூடு கட்டி, அதன்மேல் அலுமினியத் தோலைப் போர்த்தும் ‘சூப்பர்லெஜ்ஜேரா’ முறைக்குக் காப்புரிமை வாங்கியது. எடை குறைந்தால் சின்ன இன்ஜினே வேகமாக இழுக்கும். போருக்குப் பிறகு பணமும் பொருளும் தட்டுப்பாடாக இருந்த நாட்டில் இது பெரிய விஷயம்.

அந்தத் தட்டுப்பாட்டில் பிறந்ததுதான் சிசிடாலியா 202. 1947இல் பினின்ஃபரினா பட்டறை உடல் செய்த கார். போனட், மட்கார்டு, விளக்கு என்று தனித்தனியாக ஒட்டவைத்த தோற்றம் போய், எல்லாம் ஒரே தோலுக்குள் வழுக்கிக்கொண்டு ஓடியது. 1951இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் நடத்திய கார் கண்காட்சியில் அது இடம்பெற்றது. பின்னர் அருங்காட்சியகத்தின் நிரந்தரச் சேகரிப்பிலும் சேர்ந்தது. இத்தனைக்கும் உள்ளே இருந்தது சாதாரண ஃபியட் 1100 காரின் 1089 சிசி இன்ஜின். அதே பரம்பரை இன்ஜின்தான் பிறகு மும்பையில் தயாரான பிரீமியர் பத்மினியிலும் ஓடியது.

அழகுக்கு இன்னொரு காரணம் பந்தயம். 1962 முதல் 1964 வரை ஃபெராரி செய்த 250 ஜிடிஓவை எடுத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த மூக்கு, நீண்ட போனட், வெட்டிவிட்டதுபோன்ற பின்பக்கம்: எல்லாம் காற்றைக் கிழித்துப் போவதற்காக. பந்தயத்தில் சேர அந்த வகைக் கார் 100 செய்திருக்க வேண்டும் என்பது விதி. ஃபெராரியோ, இது பழைய 250 ஜிடிக்குப் புது உடல் மட்டுமே என்று வாதாடி அனுமதி வாங்கியது. செய்தது மொத்தம் 36. அவற்றில் ஒன்று 2018இல் கலிஃபோர்னியா ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. மறு ஆண்டு போலோன்யா நீதிமன்றம் ஒன்று, அந்தக் காரின் வடிவம் கலைப்படைப்பு, யாரும் நகல் செய்யக்கூடாது என்று சொன்னது.

வளைவுகளின் காலம் நீண்ட நாள் நீடிக்கவில்லை. அதை முடித்துவைத்தவர்களில் முக்கியமானவர் மியூராவை வரைந்த அதே காந்தினி. 1968இல் ஆல்ஃபா ரோமியோ கராபோ, 1970இல் 84 சென்டிமீட்டர் உயரமே உள்ள ஸ்ட்ராட்டோஸ் ஸீரோ, 1971இல் லம்போர்கினி கவுன்டாச் என்று, மூக்கிலிருந்து கூரை வரை ஒரே சரிவாக ஏறும் ஆப்பு வடிவத்தைக் கொண்டுவந்தார். கத்தரிக்கோல்போல மேலே தூக்கும் கதவுகளும் அவர் கைவேலைதான்.

இந்தக் கார்களின் ரசிகர்கள் குறைகளையும் சேர்த்தே ரசிப்பவர்கள். மியூராவின் பெட்ரோல் டேங்க் முன்பக்கம். பெட்ரோல் தீரத் தீர மூக்கு இலேசாகி, அதிவேகத்தில் ஸ்டீயரிங் பிடிமானம் குறையும். கவுன்டாச்சில் உட்கார்ந்தால் பின்னால் வருவது ஏறக்குறைய தெரியவே தெரியாது. ரிவர்ஸ் எடுக்க வேண்டுமானால் கதவைத் தூக்கிவிட்டு, வாசல் விளிம்பில் உட்கார்ந்து, உடம்பை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்து ஓட்டுவார்கள். கோடிகள் கொடுத்து வாங்கிய காரில்!

இவற்றை ஓடும் நிலையில் பார்க்க நல்ல இடம் மில்லே மில்யா. பிரெஷாவிலிருந்து ரோம் போய்த் திரும்பும், சுமார் 1600 கிலோமீட்டர் சாலைப் பந்தயம். 1927இல் தொடங்கியது, 1957இல் ஒரு ஃபெராரி கூட்டத்துக்குள் பாய்ந்து, காரில் இருந்த இருவரும் பார்வையாளர்கள் ஒன்பது பேரும் இறந்ததோடு நின்றது. 1977இலிருந்து பழைய கார்களின் பயணமாக நடக்கிறது. பழைய பந்தயத்தில் ஓடிய வகைக் கார்களுக்கு மட்டுமே இடம். வேகத்துக்குப் பரிசு இல்லை. குறித்த நேரத்துக்குக் குறித்த இடத்தைத் தொடுவதே போட்டி. ஓடாமல் நின்று அழகு காட்டும் கார்களுக்கு, கோமோ ஏரிக்கரையில் 1929இல் தொடங்கிய வில்லா டெஸ்டே போட்டி இருக்கிறது.

பட்டறைகள்தான் நிலைக்கவில்லை. சேசிஸும் உடலும் ஒன்றாகி, ராட்சத அச்சுகளில் எஃகு உடல்களை அழுத்தி எடுக்கும் முறை வந்ததும் தனியாக பாடி கட்ட வேலை குறைந்தது. டூரிங் 1966இல் மூடியது. பெர்ட்டோனே 2014இல் திவாலானது. பினின்ஃபரினாவை வாங்க 2015இல் ஒப்பந்தம் போட்டது இந்தியாவின் மஹிந்திரா குழுமம். காந்தினிக்கு முன் பெர்ட்டோனேயில் வரைந்த ஜுஜாரோ காலத்தைப் புரிந்துகொண்டவர். 1968இல் சொந்த நிறுவனம் தொடங்கி, ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப், ஃபியட் யூனோ என்று சாமானியர் கார்களை வரைந்தார். நம் சாலைகளில் ஓடிய டேவூ மாட்டிஸும் அந்த நிறுவனத்தின் கைவண்ணம்தான்.

ஆனாலும் மோடெனா வட்டாரத்தில் தகடு அடிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது. 1960களின் கார் ஒன்று அடிபட்டு வந்தால், அதே வகைக் காரின் கதவைக் கழற்றி அப்படியே மாட்டிவிட முடியாது. கையால் செய்தவை ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. அந்தக் காருக்கென்றே புதிதாக ஒரு தகட்டை அடித்து எடுக்க வேண்டியிருக்கிறது.